அரிசி டின்னில் கிடந்த சாவி

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு உங்கம்மா போன் பண்ணினாள். "தம்பி, சனிக்கிழமை கோலாலம்பூர்ல என்னமோ பேரணியாம். இவ போயே தீருவேன்னு நிக்கிறா. நீ மாமன், நீ சொன்னாத்தான் கேப்பா" என்றாள். "சரிக்கா, நான் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கவனி, பேசுகிறேன் என்றுதான் சொன்னேன். தடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பலாம் என்றுதான் ஆரம்பித்தேன். மூன்று தடவை பேசி மூன்று தடவையும் அழித்தேன். அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதே தலைவலியில் இருக்கும் மற்ற மாமன்மாரும் படித்தால் படிக்கட்டும்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நம் குடும்பத்தில் என்னை ஏதோ போராளி மாதிரி பேசுவார்கள். கல்யாண வீட்டில் உன் சித்தப்பா என்னை அறிமுகப்படுத்துவதே "இவர் பெர்சேக்குப் போனவர்" என்றுதான். பெர்சே என்றால் தூய்மையான தேர்தல் கேட்டு நடந்த பேரணி. நான் போனது 2015-ல், யாரும் யாரையும் அடிக்காத வருஷம். அடி விழுந்த வருஷங்களில் நான் வீட்டில் இருந்தேன்.

2007 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. நீ அப்போது தொட்டிலில் இருந்தாய். ஜாலான் அம்பாங்கில் இருக்கிற பிரிட்டிஷ் தூதரகத்துக்கு மனு கொடுக்க, மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக நின்ற ஹிண்ட்ராஃப் அமைப்பு கூப்பிட்டிருந்தது. எங்கள் செந்தூல் பையன்கள் பலர் முதல் நாள் ராத்திரியே பத்துமலைக்குப் போய்விட்டார்கள். நான் விடியற்காலை கிளம்புவதாகத் திட்டம். எழுந்து பார்த்தால் பைக் சாவி இல்லை. மேசை, சட்டைப் பை, சாமி மாடம் எல்லாம் தேடியாயிற்று. உன் தாத்தா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் நேற்றையது.

நான் சத்தம் போட்டேன். அவர் திரும்பக்கூட இல்லை. "கூட்டம் கூடினா கடைசில அடி வாங்குறது யாருன்னு எனக்குத் தெரியும்டா. நீ அறுபத்தொம்பதைப் பார்க்கல" என்றார். அவ்வளவுதான். 1969 மே 13 இனக்கலவரம் நடந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஊரடங்கில் வீட்டுக்கு வர முடியாமல் நான்கு நாள் பட்டறையிலேயே கிடந்தார் என்று பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நான்கு நாளில் என்ன பார்த்தார் என்று பாட்டியிடம்கூட அவர் சொன்னதில்லை.

மத்தியானத்துக்கு மேல் பையன்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பத்துமலையில் கோயில் கதவைப் பூட்டி, உள்ளே இருந்தவர்கள் மேல் ரசாயனம் கலந்த தண்ணீரைப் பீய்ச்சி, கண்ணீர்ப்புகைக் குண்டும் வீசியிருக்கிறார்கள். அதிலிருந்து தப்பி ஜாலான் அம்பாங் போனவர்களுக்கு அங்கேயும் அதே பூசை. ஆயிரக்கணக்கில் போயிருந்தார்கள். சிலர் கையில் காந்தி படம். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். சட்டையில் ஒரு நாற்றம். தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஒரு துண்டு கொடுத்தார். அவன் முகம் கழுவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். "கோயிலுக்குள்ளயாடா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

சாவி மறுநாள் காலை அரிசி அளக்கும்போது பாட்டி கையில் அகப்பட்டது.

அந்த டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரை, விசாரணை இல்லாமலே அடைத்து வைக்கிற இசா சட்டத்தில் பிடித்துப் போட்டார்கள். மறு மார்ச் பொதுத்தேர்தலில் ஆளும் பாரிசான் கூட்டணி 1969-க்குப் பிறகு முதல் தடவையாக மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. ஓட்டு எண்ணிக்கையை ராத்திரி முழுக்க மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் அந்த வாளித் தண்ணீர் என் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

2011 ஜூலை 9 பெர்சேக்கு நிஜமாகவே கிளம்பினேன். சாவி கையில்தான் இருந்தது. முதல் ரோட் பிளாக்கிலேயே ஒரு இளம் போலீஸ்காரர் நிறுத்தினார். எங்கே போகிறாய் என்று மலாயில் கேட்டார். "மீன் வாங்க" என்று வாயில் வந்துவிட்டது. அவர் சிரித்தார். "பாலேக் லா, பாங்" என்றார், வீட்டுக்குத் திரும்பிப் போங்கண்ணே என்று. திரும்பிவிட்டேன். பொய் சொன்னதற்குப் பரிகாரமாகச் செந்தூல் பசாரில் ஒரு கிலோ கெம்போங் மீன் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். அன்றைக்கு 1,600-க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். மழையிலும் புகையிலும் நின்றவர்களில் தேசிய இலக்கியவாதி ஏ. சமாட் சைட்டும் உண்டு. அப்போதே எழுபத்தைந்தைத் தாண்டியவர். நான் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

2012 பெர்சேயின்போது எனக்கு ஓவர்டைம். அந்த ஓவர்டைமை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உனக்குத் தெரியும்.

அப்புறம்தான் 2015. ஏப்ரலில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்திருந்தது. ஒவ்வொரு ரசீதின் அடியிலும் அந்தக் காசைத் தனியாக அச்சடித்துக் காட்டினார்கள். ஜூலையில் பிரதமரின் சொந்த வங்கிக் கணக்கில் 260 கோடி வெள்ளி (ரிங்கிட்) என்று செய்தி வந்தது. என்னைத் தெருவுக்கு இழுத்தது பெரிய கொள்கை என்று சொன்னால் பொய். அந்த ரசீதுதான்.

ஆகஸ்ட் 29 மதியம் இரண்டு மணியிலிருந்து 30 நள்ளிரவு வரை, 34 மணி நேரம். 'பெர்சே 4' என்று எழுதிய மஞ்சள் சட்டைக்கு உள்துறை அமைச்சு இரண்டு நாளைக்கு முன்புதான் தடை போட்டிருந்தது. என்னிடம் அந்தச் சட்டை இல்லை. பாட்டி பீரோவைத் திறந்து தைப்பூசத்துக்கு எடுத்த மஞ்சள் சட்டையை எடுத்துக் கொடுத்தார். "இதுல ஒண்ணும் எழுதலையே. கேட்டா முருகனுக்கு எடுத்ததுன்னு சொல்லு." தாத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். நான் செருப்பு மாட்டும்போது கையில் ஒரு பொட்டலம் திணித்தார். நனைத்துப் பிழிந்த துண்டு, ஒரு சின்ன டப்பாவில் உப்பு. கண்ணீர்ப்புகைக்கு உப்பு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் சொல்வார்கள். அதனால் பிரயோஜனம் உண்டா என்பது வேறு விஷயம். "செருப்பு வேணாம், ஷூ போடு. ஓடணும்னா செருப்பு காலை வாரிடும்" என்றார். மாற்றிக்கொண்டு போனேன்.

ஓட வேண்டி வரவில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து போனோம். டத்தாரான் மெர்டேக்கா என்கிற சுதந்திரச் சதுக்கத்தைச் சுற்றித் தடுப்பு. 31-ஆம் தேதி சுதந்திர தின அணிவகுப்புக்கு உள்ளே ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தடுப்பைத் தொடாதே என்று ஏற்பாட்டாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாரும் தொடவில்லை. போலீஸ் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். நடுவில் ஐஸ்கிரீம்காரர்.

பேரணி என்றால் நீ என்ன நினைத்திருக்கிறாய் என்று தெரியாது. முக்கால்வாசி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். தூரத்தில் யாரோ பேசுவார்கள், ஒலிபெருக்கி நமக்கு எட்டாது. முன்னால் இருப்பவர்கள் கைதட்டினால் நாமும் தட்டுவோம். "ஹிடுப் ரக்யாட்" (மக்கள் வாழ்க) என்று ஒரு மூலையில் கிளம்பும், அலை மாதிரி நம்மைத் தாண்டிப் போகும். வுவுசேலா ஊதல் காதைக் கிழிக்கும். கழிவறை வரிசை தைப்பூசத்தை மிஞ்சும்.

ராத்திரி ஜாலான் துன் பேராக்கில், எல்ஆர்டி ரயில் பாலத்துக்குக் கீழே, அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்தோம். பக்கத்தில் ஒரு சீன ஆன்ட்டி, அறுபது வயதிருக்கும், மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். உங்கம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை நான் பிரித்தேன். ஆமாம், உங்கம்மாதான். அன்றைக்குக் கிள்ளானிலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போனாள், இப்போது கேட்டால் மறுப்பாள். ஆன்ட்டி எட்டிப் பார்த்து "நாசி அசாம் ஆ?" என்றார். கொஞ்சம் கொடுத்தேன். வறுத்த கடலையைத் தனியாகப் பொறுக்கி ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். பதிலுக்குப் பையிலிருந்து ஒரு மூன்கேக் எடுத்தார். வெட்டக் கத்தி இல்லை. தடுமாறிவிட்டு, தன் ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துத் துணியில் துடைத்து, அதன் விளிம்பால் நான்காக அறுத்தார். ஒரு துண்டு எனக்கு, ஒன்று அவருக்கு, மற்ற இரண்டும் அந்தப் பக்கம் படுத்திருந்த மலாய்க்காரத் தம்பிகளுக்கு. அவர்கள் ஹலாலா என்று தயங்கினார்கள். ஆன்ட்டி டப்பாவின் முத்திரையைத் தெருவிளக்கில் காட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தும் காண்பித்தார். எண்ணெய்ப் பிசுக்கோடு அந்த ஐசியை மறுபடி பர்ஸில் வைத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்தில் மலாய்க்காரர்கள் குறைவு. பாஸ் என்கிற மலாய் இஸ்லாமியக் கட்சி அந்தத் தடவை வரவில்லை. நம்மாட்கள் இருந்தார்கள், ஆனால் 2007-ல் வந்த தோட்டத்துச் சனத்தை நான் அங்கே அதிகம் பார்க்கவில்லை. மாலையில் மகாதீர் மனைவியோடு வந்தார். கூட்டம் குதித்தது. எனக்குக் கைதட்ட வரவில்லை. 1987-ல் ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை உள்ளே போட்டபோது பிரதமராக இருந்தவர் அவர்தானே. மூன்று வருஷம் கழித்து அவருடைய கூட்டணிக்கே ஓட்டுப் போட்டேன் என்பது வேறு கதை. எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்காதே. போலீஸ் சொன்ன கணக்குக்கும் ஏற்பாட்டாளர்கள் சொன்னதற்கும் நடுவில் ஒரு ஊரையே குடிவைக்கலாம்.

மறுநாள் காலை சின்னப் பிள்ளைகள் கறுப்புப் பையோடு குப்பை பொறுக்கினார்கள். வெட்கப்பட்டு நானும் ஒரு பை வாங்கினேன். முக்கால்வாசி தண்ணீர் போத்தல்கள். தைப்பூசத்துக்கு மறுநாள் பத்துமலை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இதை உன் பாட்டியிடம் சொல்லிவிடாதே.

நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் தேசிய கீதமான நெகாராகூ பாடி முடித்துக் கலைந்தோம். தாத்தாவின் உப்பு டப்பா திறக்காமலே வீடு வந்தது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த உப்பைச் சமையல்கட்டு ஜாடியில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவி வைத்தார். அந்த உப்பு எனக்குத் தேவைப்படாமல் போனது என் அதிர்ஷ்டம் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு முன்னால் போய்க் கண்ணெரிய நின்றவர்கள்தான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. அதில் பக்கத்து வீட்டுப் பையனும் ஒருவன்.

இனி உன் விஷயம். கோரிக்கை என்ன என்று யாராவது கேட்டால் மூன்று வரியில் சொல்லத் தெரிய வேண்டும். வெறும் படம் எடுக்கத்தான் என்றால் பத்துமலையில் 272 படி வண்ணமடித்து வைத்திருக்கிறார்கள், அங்கே போ. அமைதியாகக் கூடும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவில் இருக்கிறது. 2012-ன் அமைதிப் பேரணிச் சட்டப்படி ஏற்பாட்டாளர் ஐந்து நாளுக்கு முன் போலீசுக்கு அறிவிக்க வேண்டும். அப்படி அறிவிக்காதவரைத் தண்டிக்கும் பகுதி அரசமைப்புக்கு முரண் என்று 2025 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். சென்னையிலிருந்து வந்து உன்னோடு படிக்கிறாளே, அந்தப் பெண்ணை ஆசையாக இருக்கிறது என்று கூட்டிப் போகாதே. விசாவுக்கே வேட்டு. பதினைந்து வயதுக்குக் கீழே சட்டப்படி கூடாது, அதனால் உன் தம்பி அழுதாலும் வீட்டில்தான்.

ஐசியைப் பையில் வைக்காதே, உடம்போடு வை. வழக்கறிஞர் உதவி எண் கொடுப்பார்கள், போனில் சேமித்தால் மட்டும் போதாது, பேனாவால் கையில் எழுதிக்கொள். போன் செத்தாலும் கை இருக்கும். கலையச் சொன்னால் கலைந்துவிடு, வாக்குவாதம் வேண்டாம். தோழிகளைத் தவறவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி வை. எல்லாரும் மஸ்ஜிட் ஜாமெக் நிலையம் என்பார்கள், அங்கேதான் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. ஷூ போடு.

உங்கம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். திட்டுவாள், திட்டட்டும். அப்புறம் எத்தனை மணிக்குப் புளிச்சோறு வேண்டும் என்று கேட்பாள். கமுட்டர் ரயிலில் வந்து பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கு, பதினொன்றுக்கு நான் அங்கே நிற்கிறேன். கூட நடக்க மாட்டேன், பயப்படாதே. பத்தடி பின்னால் வருவேன்.

ஒன்று மட்டும். சனிக்கிழமை காலை உன் டச் அன் கோ ரயில் கார்டு காணாமல் போனால் வீடு முழுக்கத் தேடி நேரத்தை வீணாக்காதே. உங்கம்மாவும் அவர் பெற்ற பிள்ளைதான். நேரே போய் அரிசி டின்னைத் திறந்து பார்.

அன்புடன்,
மாமா
செந்தூல்