துருவப் பனியின் கணக்கும் வடசென்னைக் கரையும்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின் பொறுப்பாளர்களுக்கும், பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கரைக்காகத் தீட்டப்படும் ஒவ்வொரு திட்டமும், மழைநீர் வடிகாலாயினும் தூண்டில் வளைவாயினும் அடுக்குமாடிக் குடியிருப்பாயினும், கடல் மட்டம் இனி எவ்வளவு உயரும் என்ற ஓர் அனுமானத்தின்மேல்தான் நிற்கிறது. அந்த அனுமானத்தின் மிகக் கடினமான பகுதி கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் இருக்கிறது. ஆகவே, துருவப் பகுதிகளில் அண்மைக் காலமாகக் காணப்படும் போக்குகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் இக்கரை மக்களுக்குத் தமிழில் எடுத்துரைக்க வேண்டும் என்றும், அவ்வாறு உரைக்கும்போது ஒற்றை எண்ணைச் சொல்லி முடித்துவிடாமல் கணிப்பின் முழு வீச்சையும் சொல்ல வேண்டும் என்றும் கேட்டு இம்மடலை எழுதுகிறேன். திருவொற்றியூரில் வாழ்பவன், பள்ளியில் பல்லாண்டுகள் இயற்பியல் கற்பித்தவன்.

துருவம் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனி. அதன் போக்கில் ஐயத்திற்கு இடமில்லை. 1979 முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் பதிவுகளின்படி, ஒவ்வொரு செப்டம்பரிலும் எஞ்சும் கடற்பனியின் பரப்பு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு என்ற அளவில் குறைந்து வந்திருக்கிறது. 2012 செப்டம்பரில் அது 34 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கியது. அந்தத் தாழ்ந்த அளவு 2025 வரை முறியடிக்கப்படவில்லை என்பதை எடுத்துக்காட்டி, உருகுதல் நின்றுவிட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 2007 முதல் 2025 வரையிலான 19 ஆண்டுகளே அந்தப் பதிவில் மிகக் குறைந்த 19 ஆண்டுகள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. வெண்பனி மூடிய பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பனி விலகிய கருநீர் அதே வெயிலில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்கிறது. ஆர்க்டிக் வட்டாரம் 1979க்குப் பின் உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இருப்பினும், நம் கரைக்கு நேரடியாகக் கணக்காவது அந்த மிதக்கும் பனி அல்ல. காசிமேட்டில் மீன் ஏலம் விடும் இடத்தில் இதை ஒரு நொடியில் விளக்கிவிடலாம். நீர் நிறைந்த தொட்டியில் ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் ஐஸ் உருகினால் தொட்டி வழியாது. வண்டியிலிருந்து புதிதாக ஐஸை உடைத்து அதில் கொட்டினால்தான் வழியும். அப்படி நிலத்திலிருந்து கடலுக்குள் வந்து சேரும் பனி, கிரீன்லாந்தின் பனிவிரிப்பிலிருந்தும் அண்டார்டிகாவின் பனிவிரிப்பிலிருந்தும், அதாவது நிலத்தை மூடிக் கிடக்கும் பெரும் பனிப்பரப்புகளிலிருந்து, வருவது. கிரீன்லாந்தில் உள்ளது முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும். அண்டார்டிகாவினுடையது 58 மீட்டர் உயர்த்தும். இவை நம் காலத்தில் நடந்துவிடப் போவதில்லை. இவ்வளவு பெரிய சேமிப்பிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு கசிகிறது என்பதே நம் கேள்வி. 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களும், 2018 முதல் அவற்றின் வழித்தோன்றல்களும், பூமியின் ஈர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களைக் கொண்டு பனியின் நிறையைக் கணக்கிடுகின்றன. அக்கணக்கின்படி கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் அளவில் பனியை இழந்து வருகிறது. அண்டார்டிகாவின் இழப்பு அதில் ஏறத்தாழ பாதி.

அண்டார்டிகாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் குழப்பம் அதிகம் விளைவது அங்கேதான், நம் திட்டங்களின் மேல்வரம்பைத் தீர்மானிப்பதும் அதுதான். அங்குள்ள கடற்பனி ஆர்க்டிக்கைப்போல நேராகக் குறையவில்லை. பல பத்தாண்டுகள் மெல்ல மெல்லக் கூடி, 2014 செப்டம்பரில் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அக்காலத்தில் அதையே காட்டி, உலகம் சூடேறவில்லை என்று வாதிட்டார்கள். 2016இல் அது சடுதியில் சரிந்தது. 2023 பிப்ரவரியில் 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அதே ஆண்டின் குளிர்கால உச்சமும் முந்தைய தாழ்ந்த பதிவைவிடப் பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் குறைந்து நின்றது. 2022 முதல் 2025 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கோடைகால அளவு 20 லட்சத்திற்குக் கீழேயே இருந்தது. தென்துருவக் கடல் புதியதொரு நிலைக்கு மாறிவிட்டதா என்று அறிவியலாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள்.

நிலத்தின் மேலுள்ள பனியின் கதை இதனினும் வேறு. 2021க்கும் 2023க்கும் இடையே, வழக்கத்தைவிட மிகுதியான பனிப்பொழிவால், அண்டார்டிகாவின் மொத்த நிறை சற்றுக் கூடியது. இது உண்மை. இதை மறைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மறைத்தால், கைப்பேசியில் பரவும் ஏதோ ஒரு செய்தியின் வழியே மக்கள் அதை அறிந்து, நீங்கள் சொல்லும் மற்ற எதையும் நம்ப மறுப்பார்கள். அந்தக் கூடுதல் ஏன் நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அதுவே நல்ல பாடமாகும்: சூடேறிய காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், அந்த ஈரம் உறைநிலையில் இருக்கும் கண்டத்தின்மேல் பனியாகப் பெய்யும். 2022 மார்ச்சில் கிழக்கு அண்டார்டிகாவின் உள்நாட்டில், கான்கார்டியா ஆய்வு நிலையத்தில், வெப்பநிலை வழக்கத்தைவிட 38 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்ந்ததும் ஈரக்காற்று அங்கே ஊடுருவியதால்தான். ஆனால் மேலே பெய்யும் பனியும் கீழே தின்னப்படும் பனியும் ஒரே இடத்தில் நடப்பவை அல்ல. மேற்கு அண்டார்டிகாவில் பனிவிரிப்பின் அடித்தளமே கடல் மட்டத்திற்குக் கீழே கிடக்கிறது. அங்குள்ள த்வைட்ஸ் என்ற பனியாற்றின் அடியில் ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பான ஆழ்கடல் நீர் புகுந்து அரிக்கிறது. தரை உள்நோக்கிச் சரிவதால், பின்வாங்கத் தொடங்கிய பனி மேலும் பின்வாங்குவது எளிதாகிறது. த்வைட்ஸ் ஒன்று மட்டும் முழுதும் கரைந்தால் உலகக் கடல் மட்டம் அரை மீட்டருக்கும் மேல் உயரும். எவ்வளவு காலத்தில் என்பதை இன்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது.

இந்த உறுதியின்மையைத்தான் நீங்கள் மக்களிடம் நேர்மையாகப் பகிர வேண்டும் என்கிறேன். 1993 முதல் செயற்கைக்கோள்கள் அளந்ததில் உலகக் கடல் மட்டம் 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்திருக்கிறது. உயரும் வேகம் அக்காலத்திற்குள் இரு மடங்காகிவிட்டது. காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, பசுங்குடில் வாயுக்களின் உமிழ்வு எப்படி அமையும் என்பதைப் பொறுத்து, இந்நூற்றாண்டின் முடிவில் உயர்வு ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை இருக்கலாம் என்கிறது. அதோடு, பனிவிரிப்புகளின் நடத்தை இன்னும் முழுதாகப் புரிபடாததால், உமிழ்வு மிக அதிகமாக இருக்கும் நிலையில் 2 மீட்டரை நெருங்கும் உயர்வையும் மறுத்துவிட முடியாது என்று சேர்த்துக் கூறுகிறது. அந்தக் கடைசி வாக்கியம் எங்கள் கரையைப் பற்றிய எந்த விளக்கக் கூட்டத்திலும் விடுபடக் கூடாது.

இன்னொரு செய்தியையும் திட்ட வரைவாளர்கள் கருத வேண்டும். பெரும் பனிவிரிப்பு தன் நிறையின் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகும்போது அந்த ஈர்ப்பு தளர்ந்து, பனிக்கு அருகில் கடல் தாழ்கிறது, தொலைவில் உயர்கிறது. இதனால் இரு துருவங்களிலிருந்தும் வெகு தொலைவில் இருக்கும் நம்மைப்போன்ற வெப்பமண்டலக் கரைகளுக்கு உலகச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலான பங்கு வந்து சேரும்.

வடசென்னை ஏற்கெனவே காயம்பட்ட கரை. துறைமுகம் கட்டப்பட்ட நாள் முதல், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடுக்கப்பட்டு மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டு, கல் கொட்டிக் காக்கும் நிலை வந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் உப்புநீர் உள்ளே புகுந்தது. இவற்றுக்குத் துருவப் பனி காரணமன்று. மனிதர் செய்த கட்டுமானமும் இறைப்பும்தான் காரணம். இரண்டையும் கலந்து, எல்லாப் பழியையும் காலநிலையின்மேல் போடும் அறிக்கைகளை ஏற்க என்னால் இயலவில்லை. ஆனால் உயரும் கடல் இந்தக் காயங்களின்மேல்தான் வந்து நிற்கும். கொசஸ்தலை ஆற்றின் வெள்ளம் எண்ணூர் முகத்துவாரத்தின் வழியே வடிய வேண்டும். அமாவாசை ஓதமும் புயலலையும் சேர்ந்து வரும் நாளில் கடல் சில சென்டிமீட்டர் கூடுதலாக நின்றாலே வடிகாலின் வேகம் குறையும். 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்ததைக் கண்ட குப்பங்களுக்கு, வடியாத நீர் என்பது எப்படிப்பட்டது என்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதற்கான அறிவு இந்நகருக்குள்ளேயே இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், கோவாவில் உள்ள துருவ ஆராய்ச்சி மையத்தோடு இணைந்து, 2014இல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் கோங்ஸ்பியோர்டன் என்னும் கடற்கழியின் அடியில் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் கருவித் தொகுதியை நிறுவியது. அண்டார்டிகாவில் இந்தியாவின் ஆய்வு நிலையங்களான மைத்ரி 1989 முதலும் பாரதி 2012 முதலும் இயங்கி வருகின்றன. அங்கெல்லாம் பணியாற்றித் திரும்பியவர்கள் எண்ணூரின் மீனவக் குப்பங்களான நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் ஊர்ப் பஞ்சாயத்தாரோடு அமர்ந்து பேச நீங்கள் ஏற்பாடு செய்தால், அச்சிட்ட துண்டறிக்கை செய்யாததை அது செய்யும். கடலின் போக்கை நாள்தோறும் கவனிக்கும் மீனவர்களிடமிருந்து அவர்களும் கேட்டறிய நிறைய உண்டு.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆர்க்டிக்கின் செப்டம்பர் அளவு வெளிவந்தவுடன், இரு துருவங்களின் கடற்பனி, இரு பனிவிரிப்புகளின் நிறை, கடல் மட்டத்தை அளக்கும் சென்னைத் துறைமுக ஓதமானியின் பதிவு ஆகியவற்றை, ஓராண்டின் ஏற்ற இறக்கத்தையும் நீண்டகாலப் போக்கையும் பிரித்துக் காட்டி, நான்கு பக்கத் தமிழ் அறிக்கையாக வெளியிடுங்கள். கொசஸ்தலைப் படுகையின் வடிகால்களும் எண்ணூர் வரையிலான கரைத் தடுப்புகளும் எந்தக் கடல் மட்டத்தை வைத்து வடிவமைக்கப்பட்டன என்பதையும், அந்த மட்டம் கடந்தால் எந்தெந்தத் தெருக்களில் நீர் நிற்கும் என்பதையும் வரைபடத்தோடு அதில் சேருங்கள். முதல் அறிக்கையை வரும் பருவமழைக்கு முன்பே காசிமேடு மீன் ஏலக்கூடத்திலும் எண்ணூர்க் குப்பங்களின் சமுதாயக் கூடங்களிலும் வாசித்து விளக்கி, அங்கே எழும் கேள்விகளுக்கான விடைகளை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
திருவொற்றியூர்வாசி ஒருவர்