சண்டி யார்?

அன்புள்ள சேகர்,

நான்கு மாதமாகப் பதில் போடவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டுக் கீழே படி. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மழைக்கு முதல் நாள் சரியாக வந்துவிடுகிறது.

போன கடிதத்தில் கருப்பியைப் பற்றி மூன்று பக்கம் புலம்பியிருந்தேன் அல்லவா? பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட குதிரை, தடை தாண்டப் பிறக்காதது, இரண்டரை அடிக் கம்பத்தைக் கண்டால் வெறிபிடித்து ஓடும் அல்லது கடைசி எட்டில் நின்றுவிடும், சண்டி என்றெல்லாம். நீயும் பெரிய மனதோடு, "இன்னும் கடுமையான பிட் போட்டுப் பார்" என்று எழுதினாய். குதிரை வாயில் மாட்டும் அந்தக் கடிவாள இரும்பைப் போட்டேன். அதைச் சொல்லத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கைப்பேசியில் படம் பிடித்தாள். இரவு சாப்பிட்ட பிறகு மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். குதிரையிடம் ஒரு குறையும் இல்லை. பின்கால்களை நன்றாக உள்ளே கொண்டுவந்து எழும்புகிறது. மேலே இருக்கிற பெரிய மனிதர்தான், அது எழும்புவதற்கு ஒரு கணம் முன்பே பிடரிமேல் கவிழ்ந்து கிடக்கிறார். கண் கம்பத்தில், குதிகால் வானத்தில். அது கழுத்தை நீட்ட வேண்டிய நேரத்தில், விழாமலிருக்க என் இரண்டு கையும் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குகின்றன. பாவம், வாய் பிளந்து, தலை தூக்கி, முதுகு பள்ளமாகி, பின்கால் கம்பத்தைத் தட்டுகிறது. அடுத்த கம்பத்துக்கு ஏன் நின்றது என்று இனி யாரைக் கேட்பது? மகள் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை போடட்டுமா அப்பா?" என்றாள்.

விடிவதற்கு முன்னால் லாயத்துக்குப் போய் உதட்டோரத்தை விரித்துப் பார்த்தேன். இடது பக்கம் சுண்டுவிரல் நகமளவு தோல் உரிந்து சிவந்திருந்தது. ஊரில் உள்ள மாட்டின் வாயையெல்லாம் திறந்து பார்க்கிற வைத்தியன் நான், சேகர்.

புண் ஆறும் வரை பிட்டே போடவில்லை. அதன் பிறகு மென்மையான ரப்பர் பிட். கால் மிதிக்கும் அங்கவடியின் பழைய வாரை அதன் கழுத்தில் கட்டி, தாண்டும்போது அதைப் பிடித்துக்கொள்கிறேன். இந்த வயதில் குழந்தை மாதிரி! ஆனால் கை வாரில் இருந்தால் வாயில் இருக்காது. தரையில் ஒரு கம்பம், அதிலிருந்து 9 அடியில் பெருக்கல் குறிபோலச் சாய்த்த இரண்டு கம்பம், முழங்கால் உயரம்கூட இல்லை. ட்ராட்டில், அதாவது துள்ளு நடையில் வந்தால், எங்கே எழும்ப வேண்டும் என்பதைத் தரைக் கம்பமே கருப்பிக்குச் சொல்லிவிடுகிறது. எனக்கு வேலையே இல்லை, அதுதான் கஷ்டம். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று மூன்று வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது 18 அடி தள்ளி இன்னொரு தடை வைத்திருக்கிறேன், நடுவே ஒரே ஒரு கேண்டர் (மெதுவான பாய்ச்சல்) எட்டு. நான்தான் காலால் அளந்து வைப்பது. கேண்டரில் கருப்பியின் ஓர் எட்டு 12 அடி, எனக்கு நான்கு எட்டு.

இத்தாலியக் குதிரைப்படையில் கப்ரில்லி என்று ஒருவர் இருந்தார், தெரியும்தானே? அவர் காலம் வரை பெரும்பாலோர் தடைமேல் பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துக்கொண்டே போனார்கள். ஆள் ஏறாத குதிரை எப்படித் தாண்டுகிறது என்று கவனித்துவிட்டு, அதன் கழுத்தை விட்டுவிடு, நீ அதோடு முன்னால் போ என்றார் அவர். 1902இல் டூரினில் 2.08 மீட்டர் உயரம் தாண்டினார். நானோ அவர் சொன்ன 'முன்னால் போ'வை மட்டும் பிடித்துக்கொண்டு, 'அதோடு' என்பதை விட்டுவிட்டேன். அந்த மனிதர் 39 வயதில், தாண்டும்போதுகூட இல்லை, குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுச் செத்துப்போனார். அதைப் படித்த அன்றைக்கே புதுத் தலைக்கவசம் வாங்கினேன். உன்னுடையது நாம் வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் இருந்த காலத்துடையது என்று எனக்குத் தெரியும். தூக்கிப் போடு.

வேப்பேரி என்றதும் நமக்குக் குதிரையேற்றம் சொல்லித்தந்த தஃபேதாரின் "ஊப்பர் தேக்கோ!" (மேலே பார்!) காதில் விழுகிறது. நீ மேலே பார்த்துக் காக்கை எண்ணிய கதையை மகளிடம் சொன்னேன். இப்போது நான் கம்பத்தைப் பார்த்தால் அவளும் அப்படியே கத்துகிறாள். எதிரே இருக்கும் வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு போகிறேன். நேற்று இரண்டாவது தடையில், கை தானாக முன்னால் போனது. கருப்பி காது இரண்டையும் முன்னால் நிமிர்த்தி, கம்பத்தைத் தொடாமல் இறங்கி, தலையை ஆட்டிவிட்டு நடந்தது. லாயக்காரப் பெரியவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னிக்கு மொதலாளி தாண்டினார்" என்றார்.

உன் குதிரை ராஜா தடையைக் கண்டால் இடது பக்கமே விலகுகிறது என்று எழுதியிருந்தாயே. யாரையாவது படம் பிடிக்கச் சொல். உன் மனைவி வேண்டாம், ராத்திரிக்குள் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். அந்தக் கடுமையான பிட்டைப் பார்சலில் அனுப்புகிறேன். காகிதம் பறக்காமலிருக்க மேஜைமேல் வைத்துக்கொள்.

அன்புடன்,
மணி