உறுப்பினர் அட்டை இருக்கிறது, உறுப்பினரின் கருத்து எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தக் கட்சியில் இத்தனை லட்சம் பேர் சேர்ந்தார்கள், அந்தக் கட்சியில் இத்தனை லட்சம் பேர் சேர்ந்தார்கள் என்று உறுப்பினர் சேர்க்கைச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது. சேர்ந்த பிறகு அந்த உறுப்பினருக்குக் கட்சியில் என்ன இடம்? கொடி கட்டுவது, வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது, தேர்தல் அன்று பூத்தில் உட்காருவது எல்லாம் வேலைதான். நானும் பல வருடமாகச் செய்கிறேன், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கட்சி எதற்காக நிற்கிறது, ஆட்சிக்கு வந்தால் எதை முதலில் செய்யும், எதை எதிர்க்கும் என்று முடிவு செய்வதில் அவருக்குப் பங்கு உண்டா இல்லையா? உண்டு, இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்களும் உறுப்பினர்களே என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் எந்தக் கட்சி என்பதை எழுதவில்லை. எழுதினால் விஷயத்தை விட்டுவிட்டுக் கட்சியைப் பிடித்துக்கொள்வார்கள்.

சேலத்துக்காரன் இதைக் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1920 டிசம்பரில் நாக்பூரில் காங்கிரஸ் கூடியபோது தலைமை தாங்கியவர் நம்மூர் விஜயராகவாச்சாரியார். அந்த மாநாட்டில்தான் காங்கிரஸின் அமைப்பையே மாற்றினார்கள். நாலணா கட்டினால் யாரும் உறுப்பினர் ஆகலாம், ஊரிலும் வட்டத்திலும் மாவட்டத்திலும் கமிட்டி இருக்கும், மொழிவாரியாக மாகாணக் கமிட்டி இருக்கும் என்று ஏற்பாடு வந்தது. அதுவரை வக்கீல்களும் படித்த பெரிய மனிதர்களும் வருடத்துக்கு ஒருமுறை கூடிப் பேசிக் கலைந்த சபை, அதற்குப் பிறகுதான் கிராமம் வரை இறங்கியது.

அடுத்தது 1944 ஆகஸ்ட் 27. நீதிக்கட்சி மாநாடு நடந்த ஊர் சேலம். கட்சியின் பெரிய தலைகள் பலர் சர், திவான் பகதூர், ராவ் பகதூர் என்று வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களோடு இருந்தவர்கள். அந்தப் பட்டங்களையும் அரசு கொடுத்த கௌரவப் பதவிகளையும் விட்டுவிட வேண்டும் என்ற தீர்மானம் அங்கே வந்தது. அண்ணாதுரை தீர்மானம் என்றே அதற்குப் பெயர். கட்சியின் பெயரும் அன்றுதான் திராவிடர் கழகம் என்று மாறியது. பிடிக்காதவர்கள் ஒதுங்கிப் போய்ப் பழைய பெயரிலேயே கட்சி நடத்திப் பார்த்தார்கள். இது முழுக்கத் தொண்டர்கள் போட்ட தீர்மானம் என்று நான் சொல்ல மாட்டேன், பெரியாரும் அண்ணாவும் முன்னால் நின்றார்கள். ஆனாலும் பணமும் பட்டமும் இருந்தவர்களை மீறி அப்படி ஒரு முடிவு எடுக்க முடிந்ததென்றால், பின்னால் நின்ற சாதாரண ஆட்களின் பலம் இல்லாமல் அது நடந்திருக்காது.

1956இல் திருச்சியில் நடந்த திமுக மாநாட்டை இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் ஆசை. 1949இல் தொடங்கிய கட்சி, 1952 தேர்தலில் நிற்கவில்லை. இனிமேல் நிற்பதா வேண்டாமா என்பது சின்ன விஷயமில்லை, கட்சியின் தலையெழுத்தையே மாற்றுகிற விஷயம். செயற்குழுவில் பத்துப் பேர் பேசி முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பெட்டி, வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பெட்டி வைத்து, மாநாட்டுக்கு வந்தவர்களை ஓட்டுப் போடச் சொன்னார்கள். அறுபதாயிரம் பேருக்கு மேல் போட்டார்கள். வேண்டாம் என்றவர்கள் சில ஆயிரம் பேர்தான். மறு வருடமே தேர்தலில் நின்று 15 சட்டமன்ற இடங்களைப் பிடித்தார்கள். நிற்கலாம் என்று தன் கையால் ஓட்டுப் போட்டவன் ஊருக்குத் திரும்பி எப்படி வேலை செய்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் இல்லை, செல்போன் இல்லை, அப்போதே அது முடிந்தது. இன்றைக்கு ஒவ்வொரு உறுப்பினரின் செல் நம்பரும் கட்சி ஆபீஸில் இருக்கிறது, பொங்கல் வாழ்த்து தவறாமல் வருகிறது, ஒரு விஷயத்தில் உங்கள் கருத்து என்ன என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

சேலத்துக்கு உருக்காலை வேண்டும் என்ற கோரிக்கையையும் பாருங்கள். கஞ்சமலையில் இரும்பு இருக்கிறது, அதை வைத்து இங்கேயே ஆலை வரட்டும் என்ற பேச்சு 1967 ஜூலை 23 அன்று தமிழ்நாடு முழுக்க எழுச்சி நாளாக வளர்ந்தது. 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். ஓர் ஊரின் தேவையைக் கட்சி தன் கொள்கையாக எடுத்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நமக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை.

சரி, இன்றைக்கு நிலைமை என்ன? எங்கள் அம்மாபேட்டைப் பக்கம் கிளைக் கூட்டம் நடக்கிறது. மேலிருந்து தீர்மானம் அச்சடித்தே வந்துவிடுகிறது. ஒருவர் வாசிப்பார், நாங்கள் கை தட்டுவோம், ஒருமனதாக நிறைவேறியது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். இதில் விவாதம் எங்கே இருக்கிறது?

ஒருமுறை கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில், வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றும் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தது. இந்தப் பக்கத்தில் தறி ஓட்டுபவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார் என்கிற சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கிற பெண்களை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. யாரிடம் வேலை செய்கிறார்கள் என்று காட்ட அவர்களிடம் ஒரு சீட்டு கிடையாது, கூலி கைக்குக் கை வருகிறது, நலவாரியத்தில் பதிவு செய்யப் போனால் என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த பெண்களே பேசினார்கள். ஒரு நாளில் எத்தனை தார் சுற்ற முடியும், கண் எப்படிக் கெடுகிறது, தோள் எப்படி வலிக்கிறது, என்ன அத்தாட்சி கேட்டால் தங்களால் கொடுக்க முடியும் என்று அவர்கள் சொன்னதை எந்தத் துறை அதிகாரியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார். வார்டு உறுப்பினரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று ஒரு விதி கொண்டுவரலாம் என்ற யோசனையும் அவர்களுடையதுதான். எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலே இருக்கிற நிர்வாகி ஒருவரிடம் கொடுத்தோம். பார்க்கிறேன் என்றார். அப்புறம் தேர்தல் வந்தது, முடிந்தது. முடியாது என்று ஒரு பதில் வந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். எந்தப் பதிலும் வரவில்லை. அன்றைக்குப் பேசிய பெண்களில் யாரையும் இப்போது கிளைக் கூட்டத்துக்கு வரவைக்க முடியவில்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இதே தொழிலில் வேறு ஒன்றையும் சொல்ல வேண்டும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் என்று இருந்தது 2023இல் 1000 யூனிட் ஆனது, கைத்தறிக்கு 200 யூனிட் 300 ஆனது. கோட்டையில் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் தானாகத் தோன்றாது. தறிக்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டு, கரண்ட் பில்லைக் காட்டிப் பேசி வந்ததால்தான் இது நடந்தது. கேட்பதற்கு ஒரு வழி திறந்திருந்தால் வேலை நடக்கிறது. அந்த வழி சங்கத்துக்கும் முதலாளிக்கும் மட்டும் திறந்து, கட்சியின் சொந்த உறுப்பினருக்கு மூடியிருப்பதைத்தான் நான் கேட்கிறேன்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் நிலை இன்னும் கஷ்டம். தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது, ஆனால் கூட்டம் பெரும்பாலும் கீழேதான். மிளகும் காப்பியும் வைத்திருக்கிற மலையாளி என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு விவசாயி, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, திரும்பிப் போக பஸ் இருக்குமா என்ற கவலையோடு பாதியில் எழுந்து போவார். 2006 வன உரிமைச் சட்டத்தில் பட்டா கிடைப்பதில் என்ன இழுபறி, தோட்டத்தில் காட்டெருமை புகுந்தால் இழப்பீட்டுக்கு எங்கெங்கே அலைய வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். கூட்டத்தை வருடத்துக்கு இரண்டு முறையாவது மேலே நடத்தினால் கட்சிக்கு என்ன குறைந்துவிடும்?

உறுப்பினருக்குக் கொள்கை எதற்கு, எம்.எல்.ஏ. இருக்கிறார், அவர் பேசுவார் என்று சொல்பவர்கள் உண்டு. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவு போட்டால் அதை மீறி ஓட்டுப் போடுகிற எம்.எல்.ஏ. பதவியே போய்விடலாம். விலைக்குப் போவதைத் தடுக்க வந்த சட்டம், அது தேவைதான். ஆனால் அதனால் சட்டமன்றத்துக்குள் ஒரு மசோதா வரும்போது முடிவு ஏற்கெனவே கட்சியில் எடுத்து முடிந்திருக்கிறது. அப்படியென்றால் உண்மையான விவாதம் நடக்க வேண்டிய இடம் கட்சிக்குள்ளேதான். அங்கேயும் நடக்கவில்லை என்றால் வேறு எங்கே நடக்கும்?

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவுப்படி, பதிவு செய்கிற ஒவ்வொரு கட்சியும் தன் சட்டதிட்டங்களைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் சட்டதிட்டங்கள் ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். கிளை, ஒன்றியம், மாவட்டம், பொதுக்குழு என்று படிப்படியாக எல்லாம் அழகாக எழுதியிருக்கும். அதன்படி நடக்கவில்லை என்பதற்காக ஆணையம் ஒரு கட்சியின் பதிவை ரத்து செய்ய முடியாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, எழுதி வைத்ததை நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்க உறுப்பினரை விட்டால் வேறு ஆள் இல்லை. என் கட்சித் தோழர்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள்? இடமாற்றத்துக்கும் சிபாரிசுக்கும் மட்டும்தான் அட்டை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. மார்க்சிஸ்ட் கட்சியில் அகில இந்திய மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பே வரைவு அரசியல் தீர்மானத்தை வெளியிட்டுவிடுகிறார்கள். கிளை வரை அது போகிறது, உறுப்பினர்கள் திருத்தம் எழுதி அனுப்பலாம். 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த மாநாட்டுக்கும் அப்படித்தான் செய்தார்கள். முடிவு எடுத்த பிறகு எல்லோரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற அவர்கள் முறையில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, ஆனால் முன்கூட்டி வரைவைக் கொடுக்கிற பழக்கத்தை எல்லாக் கட்சியும் எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் கட்சியின் உள் அமைப்பு ஜனநாயக முறையில் இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 2018இல் அங்கே சமூக ஜனநாயகக் கட்சி, மெர்க்கலோடு கூட்டணி ஆட்சியில் சேரலாமா என்று தன் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் தபாலில் ஓட்டு வாங்கியது. சுமார் 66 சதவீதம் பேர் சரி என்ற பிறகுதான் சேர்ந்தார்கள். கூட்டணி யாரோடு என்று டிவியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற நம் உறுப்பினருக்கு இது கனவு மாதிரி இருக்கும்.

ஆளாளுக்குப் பேசினால் கட்சி உடைந்துவிடும், எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான் என்று நிர்வாகிகள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து பேச விட்டதால் போன தொண்டரை விட, பேச விடாததால் வீட்டோடு உட்கார்ந்துவிட்ட தொண்டர்தான் அதிகம். 2018இல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை வந்தபோது பூலாவரி, குப்பனூர் பக்கம் நிலத்தில் கல் நட்டார்கள். பாதையில் இருந்தவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது. திட்டத்தை அறிவிப்பதற்கு முன்னால் அந்தக் கிளைகளில் உட்கார்ந்து பேசியிருந்தால், எந்தக் கிணறு போகும், எந்தத் தென்னந்தோப்பு போகும் என்று முதல் நாளே தெரிந்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கிளையில் ஒரு தீர்மானம் வந்தால் ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும், ஒருமனதாக என்று பொய் எழுதக் கூடாது. மேலே அனுப்பினால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும், மறுத்தால் காரணத்தோடு மறுக்கட்டும். தேர்தல் அறிக்கைக் குழு கடைசி நேரத்தில் மாவட்டத் தலைநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மனு வாங்குவதை விட, ஆறு மாதம் முன்பே வரைவைக் கிளைக்கு அனுப்பினால் தார் சுற்றுபவரும் மிளகு பறிப்பவரும் அதில் ஒரு வரி சேர்க்க முடியும். எங்கள் கிளையின் அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண்களின் கோரிக்கையை மறுபடியும் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறேன், இந்த முறை நகல் வைத்துக்கொண்டு, வாங்கியதற்குக் கையெழுத்தும் கேட்பேன்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். எந்தக் கட்சியின் பொதுக்குழு நடந்தாலும் மறுநாள் தீர்மானங்களை வரிசையாக அச்சிடுகிறீர்கள். அதில் எந்தத் தீர்மானம் எந்தக் கிளையிலிருந்து வந்தது, எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று உங்கள் நிருபர்கள் மேடையில் இருப்பவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்கிற பதிலையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கட்சிக் கிளை உறுப்பினர் ஒருவர்,
அம்மாபேட்டை, சேலம்.