பார்சல் கிடைச்சதோ

பிள்ளை,

தூள் வந்து சேர்ந்திருக்கும். கொம்மா வறுத்தது, மிளகாய் கொஞ்சம் கருகிப்போச்சு எண்டு அவாவுக்குக் கவலை, எனக்கெண்டா ஒண்டும் தெரியேல்ல. ஆன்லைன்ல பாத்தன், குடுத்தாச்சு எண்டு கிடந்தது, வாங்கின ஆள் எண்ட இடத்தில ஒரு ஜெர்மன் பேர். பக்கத்து வீட்டுக்காரரா இருக்கும். கொம்மா பாக்கேல்ல, நான் அதை மூடிப்போட்டன். பழகாத ஆக்களுக்கு அரைக் கரண்டி காணும், தயிரும் பக்கத்தில வை.

இங்க ஹான் முண்டன்ல ஒரே மழை. ஃபுல்டா ஆறு கலங்கலா ஓடுது. ராத்ஹவுஸ் மணிக்கூட்டில மத்தியானம் 12 அடிக்க டொக்டர் ஐசன்பார்ட் பொம்மை வழமை போல வந்து பல்லுப் புடுங்குது, மனுசன் 1727ல இங்கதான் செத்தது, இன்னும் ஓய்வில்ல. முந்தி நீ அதைப் பாத்து என்ர காலுக்குப் பின்னால ஒளிக்கிறனி.

நேற்று ரெண்டு ஆறும் சேருற டான்ஸ்வேர்டர் பக்கம் நடந்தன். 1899ல வைச்ச அந்தக் கல்லடில டூரிஸ்ட்டுகள் படம் எடுக்கினம். அதில வெட்டிக் கிடக்கிறது நீ நாலாம் வகுப்பில பாடமாக்கின பாட்டுத்தான், வெர்ராவும் ஃபுல்டாவும் முத்தமிட்டா ரெண்டும் தங்கட பேரை விடவேணும், அங்கால கடல் வரைக்கும் வேசர் ஆறுதான் எண்டு. அப்ப எனக்கு டொச் ஒழுங்கா வராது, நீ சொல்லச் சொல்லத் தலையாட்டினன். நேற்றுத்தான் ஆறுதலா வாசிச்சன். ரெண்டும்தானே விடுகினம், ஒராள் மட்டும் இல்லையே. வெர்ரா வேற மேல பொட்டாஷ் சுரங்கத்து உப்பையும் கொண்டு வருது, அதுவும் சேர்ந்துதான் உங்கட பிரேமனுக்கு வருது. சரி அதை விடு.

கொம்மாவுக்கு ஒருக்கா போன் எடு. பிசி அப்பா, பிசி அப்பா எண்டு மெசேஜ் போடுறாய், எங்களுக்கும் விளங்கும், வேலை செய்த ஆக்கள்தானே. நீ மாஸ்டர்ஸ் முடிச்சதை நான் இன்னும் கடைத்தெருவில காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டுதான் திரியுறன், அவை அடுத்த கேள்வியா என்ன கேப்பினம் எண்டு உனக்குத் தெரியும்தானே, நான் ஒண்டும் சொல்லுறேல்ல. நேரத்துக்குச் சாப்பிடு. கொம்மாவுக்கு எடு.

ஹம் நகரத்து அம்மன் கோயில் தேர் வருது. கொம்மா உனக்குச் சீலை எடுத்து வைச்சிட்டா. வாறதெண்டா எத்தினை பேர் எண்டு எனக்கு முதலே சொல்லு, காரில இடம் பாக்கவேணும். கொம்மாவோட நான் கதைக்கிறன்.

அப்பா