குகைக்குள்ள மாட்டுன ரயிலும் ஈக்குமாறு வண்டியும்

மாப்ள,

நீ எழுதுனது கெடச்சு ரெண்டு வாரமாச்சு, பதில் போடலன்னு மூஞ்சத் தூக்கிராத. இங்க சாரல் தொடங்கிட்டு, புளியரைப் பக்கம் மேகம் எறங்கி நிக்கி, கொடியில போட்ட துணி மூணு நாளா காயல, எனக்கு முட்டு வலி வேற. மதினிக்கு சுகர் கொறஞ்சுதா இல்லயான்னு ஒரு வரி எழுதல நீ, ரெண்டு பக்கமும் நான் செஞ்சு வச்சிருக்க மாடல் ரயில நக்கலடிக்கதுக்கே சரியாப் போச்சு ஒனக்கு.

சரி, நீ சொன்ன கொறைக்கு வாரேன். ஒண்ணு, கேஜ், அதான் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள அகலம், தப்புன்னு சொன்ன. ரெண்டாவது, நான் அனுப்புன போட்டோவுல கடைசியா நிக்க அந்த அசிங்கம் பிடிச்ச வண்டி என்னதுல, இந்தியன் ரயில்வேயில அப்படி ஒரு வேகன் எந்தக் காலத்துலயும் ஓடுனதில்லன்னு எழுதியிருந்த. பெரம்பூர் கோச்சு பாக்டரி ஐசிஎஃப்ல முப்பது வருசம் கோச்சு பாத்த திமிரு ஒனக்கு, வேற ஒண்ணுமில்ல.

கேஜ் கதைய மொதல்ல முடிச்சிருதேன். பையன் கொண்டாந்த செட்டு ஹெச்ஓங்குற அளவு, நெச ரயிலுல 87ல ஒரு பங்கு, தண்டவாளத்துக்கு நடுவுல 16.5 மில்லிமீட்டர். நம்ம பழைய மீட்டர்கேஜு ஆயிரம் மில்லிய 87ஆல வகுத்தா பதினொண்ணரை தான் வரும், என்னது அகலம் ஜாஸ்தி, ஒத்துக்கிடுதேன். ஆனா நீ ஷோகேஸ்ல வச்சு பெருமையடிக்கியே பிராட்கேஜு, அதுவும் இதே டிராக்குல தான ஓடுது, 1676ஐ 87ஆல வகுத்துப் பாரு, 19க்கு மேல வருது, அப்ப ஒன்னோடது ஒல்லி. 1435 மில்லிமீட்டர் வெள்ளக்காரன் லைனுக்குத்தான் 16.5 சரியா வரும். நீயும் பொய்யி நானும் பொய்யி, இதுல யாரு யாரச் சொல்ல.

இப்ப அந்த அசிங்க வண்டி. அதுக்கு குகையில இருந்து ஆரம்பிக்கணும்.

ஞாபகம் இருக்கா, லீவு விட்டா புனலூர் வண்டியில ஏறி உக்காந்துருவோம், பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவு குகைக்குள்ள வண்டி நொழைஞ்சதும் பொட்டி பூரா ஒரே கூச்சல், பொக உள்ள வந்து அடிக்கும், நீ வாயப் பொத்திக்கிட்டு கத்துவ. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் இருட்டு. எங்க தாத்தா கடைசி வரைக்கும் ரயில மலையாளத்துல தீவண்டின்னுதான் சொன்னாரு, 1956ல செங்கோட்ட தமிழ்நாட்டோட சேர்ந்தது அவரு நாக்குக்குத் தெரியவே இல்ல. 1904ல ஓட ஆரம்பிச்ச அந்த மீட்டர்கேஜ 2010ல நிப்பாட்டுனானுவ, 2018ல பிராட்கேஜா முழுசா தெறந்துட்டானுவ, இப்பவும் பிள்ளைக குகையில கத்தத்தான் செய்யுது. எனக்கு அந்தப் பழைய லைன வீட்டுக்குள்ள கொண்டு வந்துரணும்னு ஆச. எட்டுக்கு நாலு பிளைவுட்ல கழுதுருட்டி பதிமூணு கண்ணுப் பாலத்தையும் வச்சேன், குகையையும் வச்சேன், இடம் பத்தலன்னு குகைக்குள்ளயே லைன வளச்சேன். பிரானூர் மர மில்லுல இருந்து ஒரு சாக்கு மரத்தூள் வாங்கிட்டு வந்து பச்சச் சாயம் போட்டு காட்டுக்குத் தூவுனேன். மலைக்கு தெர்மாகோல், அதுக்கு மேல மைதாப் பசையில முக்குன பேப்பரு, அதுக்கும் மேல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நல்லாத்தான் வந்துச்சு. கைய விட ஒரு ஓட்ட மட்டும் வைக்கல.

சம்பந்தி வீட்டுல எல்லாரும் வந்திருந்த அன்னைக்குத்தான் ஓட்டிக் காட்டுதேன். இஞ்சின் போச்சு, மொதப் பொட்டி போச்சு, ரெண்டாவது பொட்டியும் உள்ள நொழஞ்சுது, டொக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். இந்தப் பக்கம் வரவே இல்ல. மேசைக்கு அடியில என் பல்பு எரியுது.

பல்புன்னா ஒனக்குப் புரியாது, சொல்லுதேன். டிவி ரிப்பேர் பண்ணுன காலத்துல போர்டுல சீரிஸ் பல்பு போட்டுத்தான செட்ட ஆன் பண்ணுவேன், ஷார்ட் இருந்தா பல்பு எரியும், செட்டு பொழச்சிக்கிடும். அதே தான் இங்கயும். பழைய லேப்டாப் அடாப்டரு, அதுக்குப் பொறவு எல்எம் 317ன்னு ஒரு ஐசி போட்டு வோல்ட்டேஜ கூட்டிக் கொறைக்க ஒரு திருகு, அதுக்கும் டிராக்குக்கும் நடுவுல கார் பிரேக் லைட் பல்பு, 12 வோல்ட் 21 வாட். வண்டி ஒழுங்கா ஓடுறப்ப அது மினுக்குன்னு கூட எரியாது, பொட்டி தடம் புரண்டு சக்கரம் ரெண்டு தண்டவாளத்தையும் ஒட்டிப்புட்டா பளிச்சுன்னு எரிஞ்சு கரண்டத் தான் தின்னுக்கிடும், ஒண்ணே முக்கால் ஆம்பியருக்கு மேல போவ விடாது. கடையில இதுக்குன்னு விக்கிற சர்க்யூட்டு இருக்கு, வெலயக் கேட்டா தல சுத்துது. பல்பு முப்பது ரூவாயோ என்னமோ. எந்த ரயில்வேயிலயும் லைனுக்கு நடுவுல பிரேக் லைட் கெடையாது தான், அதுக்காக நான் இஞ்சின எரிச்சுக்கிடவா?

பல்பு எரியுது, சம்பந்தி சிரிக்காரு, பேத்தி அழுவுது. இன்னொரு இஞ்சின விட்டு இழுத்துப் பாத்தேன். வரல. உள்ள நிக்க இஞ்சின் புழுகியர் வச்சது, மோட்டார் சுத்தாம சக்கரம் சுத்தாது, அப்ப அதச் சறுக்கித்தான் இழுக்கணும், வெளிய நிக்கது நின்ன எடத்துலயே சக்கரத்த வழுக்கிக்கிட்டு நிக்கி. கடைசியில ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிய வளச்சு, நுனியில கொக்கி பண்ணி, டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு குப்புறப் படுத்து ராத்திரி பத்தர வரைக்கும் நோண்டுனேன். ஒரு பொட்டியோட படிக்கட்டு ஒடஞ்சிட்டு, அதான் கணக்கு.

என்ன தப்புன்னா, குகைய மூடுறதுக்கு முந்தி இஞ்சின மட்டும் விட்டுப் பாத்தேன், நீளப் பொட்டிய விட்டுப் பாக்கல. வளைவுல நீளப் பொட்டி போனா நடு வயிறு உள்பக்கம் தள்ளும், ரெண்டு முனையும் வெளிப்பக்கம் வீசும், இது ஒனக்கு நான் சொல்லணுமா. முனை போய் செவுத்துல இடிச்சிருக்கு. மறுநாளே மலைய ஒரு பக்கம் அறுத்துக் கதவு வச்சேன், கூடவே மொத அசிங்க வண்டியும் பொறந்துச்சு. ஒடஞ்ச அந்தப் பொட்டியிலேயே ரெண்டு முனையிலயும் நடுவுலயும் ஓட்ட போட்டு ஈக்குமாறுக் குச்சிய ஒடச்சு சொருகுனேன், பக்கவாட்டுல நாலு மில்லி நீட்டிக்கிட்டு, மேல ரெண்டு கொம்பு. குச்சி நுனியில சாக்பீஸ் பொடியக் கொழச்சுத் தடவி கையால தள்ளிக்கிட்டே போனா எங்க ஒரசுதோ அங்க வெள்ளக் கோடு விழும், அங்கன செதுக்கணும். பேத்தி பேரு வச்சிருக்கா, முள்ளம்பன்றி. பாலத்துக் கைப்பிடி, பிளாட்பாரம் விளிம்பு, புளியமரக் கெள, எல்லாத்தையும் அது காட்டிக் குடுத்துட்டு.

போட்டோவுல நீ பாத்தது அது இல்ல, அது தேய்ப்பு வண்டி. ஒரு கூட்ஸ் வேகன், அடியில ஹார்டுபோர்டு துண்டு, சொரசொரன்னு இருக்க பக்கம் தண்டவாளத்தப் பாத்து. அந்த ஹார்டுபோர்டு எங்கப்பா வச்சிருந்த வால்வ் ரேடியோவோட முதுகு, வெட்டுறப்ப மனசு கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. ரெண்டு ஆணி அதுல ஒட்டி நிக்கி, வேகன் தரையில ரெண்டு ஓட்ட, ஆணி அதுல லூசா ஏறி எறங்கும், தன் கனத்துலயே பலக உக்காந்து தேச்சுக்கிட்டே போவும். ஸ்பிரிங்கு கிடையாது, மோட்டாரு கிடையாது. சக்கரமும் தண்டவாளமும் தொடுற எடத்துல பொடிப் பொறி பறக்கும்லா, அந்தக் கரி, கியர் எண்ணெ, தூசி, இந்த ஊரு ஈரம், எல்லாம் சேந்து ரெண்டே நாள்ல கறுப்பாப் படியும், இஞ்சின் விக்கி விக்கிப் போவும். இத மூணு சுத்து விட்டா போதும். பலக கறுத்துட்டுன்னா உப்புத்தாள்ல ரெண்டு இழுப்பு இழுத்து திரும்ப மாட்டிருவேன். ஆனா தண்டவாளத்த நேரா உப்புத்தாள்ல தேச்சிராத, கீறல் விழுந்தா அழுக்கு அதுக்குள்ள போய்க் குடியிருக்கும், நான் பட்டு அறிஞ்சது. கொரோனாவுல மிஞ்சுன சானிடைசரப் போட்டும் தொடச்சேன், அது அதவிட மோசம், பிசுபிசுன்னு ஆகி வண்டி சறுக்கிட்டு. செல்போன் ரிப்பேர் பண்ற பயலுவ ஐபிஏன்னு ஒரு ஆல்கஹால் வச்சிருப்பானுவல்லா, அதான் சரி, துணியில ரெண்டு சொட்டு.

இது என் புத்தி இல்ல, கலிபோர்னியாவுல மான்டரேன்னு ஒரு ஊருல ஜான் ஆலன்னு ஒருத்தரு இருந்தாரு, அவரு செஞ்ச வேலைய என் எடத்துக்குத் தக்க மாத்திக்கிட்டேன். மாடல் ரயில்காரன் பூரா அவரப் பெரிய ஆளுன்னு கும்பிடுவான், மலையும் பாலமும் தரையில இருந்து கூர வரைக்கும் கட்டி வச்ச மனுசன். அவரே வேகனுக்கு அடியில ஹார்டுபோர்டு கட்டி ஓட்டிருக்காரு. அதுமட்டுமில்லல, அவரு யார்டுல ஷன்டிங் பண்றதுக்கு ஒரு ஸ்டெகோசாரஸ் வச்சிருந்தாரு, முதுகுல தகடு தகடா இருக்குமே அந்த டைனோசர், எம்மான்னு பேரு. அதுக்கு என்ன சொல்லுவ, ஐசிஎஃப் ரெக்கார்டுல இருக்கான்னு கேப்பியா? அவரு 1973ல செத்துப் போனாரு, கொஞ்ச நாள்லயே தீப்பிடிச்சு அவரு கட்டுன அந்த ரயில் லேஅவுட்டும் போச்சு, படிச்சதுல இருந்து ஷெட்டுல ராத்திரி மெயின ஆஃப் பண்ணாம நான் படுக்கதில்ல.

இன்னொண்ணு காந்த வண்டி. செத்துப்போன ஹார்டு டிஸ்க்கத் தொறந்தா உள்ள பெறை மாதிரி ரெண்டு காந்தம் இருக்கும், மெலிசு, ஆனா வெரல் நடுவுல மாட்டுனா தோல் போயிரும். அத வேகன் வயித்துல ஒட்டி தண்டவாளத்துக்கு ரெண்டு மில்லி ஒசரத்துல தொங்க விட்டேன். டிராக் ஆணி, ஸ்டேப்ளர் பின்னு, ஊக்கு, வெட்டுன கம்பித் துண்டு எல்லாத்தையும் கவ்விக்கிட்டு வரும். இல்லன்னா இஞ்சின் மோட்டார் காந்தம் அத உறிஞ்சி உள்ள இழுத்துக்கிட்டு கியரக் கடிச்சிரும். ஒண்ணு கவனிச்சுக்க, எனக்கு நிக்கல் சில்வர் தண்டவாளம், காந்தம் ஒட்டாது. ஒங்கிட்ட இருக்க பழைய வட்டம் இரும்பு டிராக்கு, அதுல விட்டா வண்டி நகராது, அப்புறம் என்னயத் திட்டாத. மொத நாளே பேத்தியோட ஹேர்பின் ரெண்டு வந்துச்சு, ரெண்டு மாசமாத் தேடிட்டு இருந்தாளாம், அதுல இருந்து வாரா வாரம் அவதான் அத ஓட்டுதா.

வேகன் மொட்டையா இருக்குன்னு அவ ஒரு பிளாஸ்டிக் ஆனைய மேல ஒட்டிட்டா, நெத்திப்பட்டம் கட்டுன ஆன, ஆரியங்காவு கோயில்ல வாங்குனது. நம்ம நாட்டுல ஆனைய விட்டு வேகன் தள்ளுன காலம் நெசமாவே உண்டு, அதனால என் ஆன ஒன் ரயில்வே சரித்திரத்துல நிக்கும், எம்மா நிக்காது.

கேமரா வண்டிய ஒரு தடவ செஞ்சு பாத்தேன், பழைய போன நிமித்தி வச்சா குகை இடிக்கி, படுக்கப் போட்டு முன்னால ஒரு கண்ணாடித் துண்ட சாய்ச்சு ஒட்டுனா தெரியுது, என்ன, எல்லாம் எடவலமா தெரியுது. இப்ப மலைக்குக் கதவு இருக்கதால அதுக்கு வேலையில்ல, சும்மா கெடக்கு.

நீ ஆடிக்கு வாறேன்னு எழுதியிருக்க. வா, குத்தாலத்துல தண்ணி விழுது, குளிச்சிட்டு நேரா பிரானூர் பார்டருக்குப் போய் புரோட்டா திம்போம். வாறப்ப ஒன் மருமவன் ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட ஹார்டு டிஸ்க்கு இருந்தா நாலு எடுத்துட்டு வா. ஷோகேஸ்ல இருக்க ஒன் இஞ்சினையும் ஒரு துணியில சுத்திக் கொண்டா, ஒரு சுத்தாவது ஓடட்டும், மொதல்ல முள்ளம்பன்றிய விட்டுப் பாத்துட்டுத்தான் குகைக்குள்ள விடுவேன், பயப்படாத. அப்புறம் மதினி சுகர் எவ்வளவுன்னு எழுது.

இப்படிக்கு,
ஒன் பெஞ்சுக்காரன்,
செங்கோட்டை