லாரியைக் குறுக்கே நிறுத்திய அண்ணனுக்கு நன்றி

கடந்த ஞாயிறு விடியற்காலையில், எண்ணூர் விரைவுச் சாலையில் திருவொற்றியூரிலிருந்து காசிமேடு நோக்கி வந்தபோது, வளைவு ஒன்றில் நான் பைக்கோடு சறுக்கி விழுந்ததும், தம் கண்டெய்னர் லாரியைக் குறுக்கே நிறுத்திப் பின்னால் வந்த வாகனங்களைத் தடுத்த ஓட்டுநர் அண்ணனுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தவறு முழுவதும் என்னுடையதே. 241 கிலோ எடையுள்ள என் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650 பைக் நேர்ச்சாலையில் தேர் போல நிதானமாகப் போகும். ஆனால் இதுபோன்ற, நெடும்பயணத்துக்கான தாழ்வான க்ரூஸர் வண்டிகளில் கால்மிதி தாழ்வாக இருப்பதால், வேகமாக வந்து அதிகம் சாய்த்தால் அது தாரில் உரசிவிடும். அந்த உரசல் சத்தத்தில் பதறி, வளைவின் நடுவிலேயே முன் பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிமிர்ந்து, வெளிப்பக்கம் விலகி, ஓரத்தில் படிந்திருந்த மணலில் ஏறியது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும் என்று பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்!

அவர் முதலில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். ஹெல்மெட்டில் கை வைத்த என்னைத் தடுத்து, "கழட்டாத தம்பி, கை காலை அசைச்சுப் பாரு" என்றார். பிறகு முதுகைச் சீட்டில் சாய்த்து, கால்களால் உந்தி, வண்டியைத் தனியாகவே நிமிர்த்தினார். பெயரைக் கேட்பதற்குள், துறைமுக வரிசை நகர்ந்துவிட்டதென்று கிளம்பிவிட்டார். அவர் கொடுத்த தண்ணீர் பாட்டில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.