கீழ்மடிப்பில் விட்ட துணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களை இளையவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்து, ‘இது அதற்கு முற்குறிப்பு, அது இதற்கு முற்குறிப்பு’ என்று, பின்னால் வரப்போவதை முன்கூட்டியே காட்டும் அடையாளங்களைப் பற்றி வாதாடிப் பொழுதைப் பாழாக்குகிறார்கள் எனச் சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் வருந்தியிருந்தார். அந்த வாதம் நாள்தோறும் என் தையற்கடையில்தான் நடக்கிறது. ஆகவே பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

என்னிடம் இரண்டு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். மாலையில் கடையைச் சாத்திய பின் மூவரும் மடிக்கணினியில் ‘டார்க்’ என்ற ஜெர்மன் அறிவியல் புனைவுத் தொடரைப் பார்த்தோம். 2017 முதல் 2020 வரை வந்தது. மொத்தம் 26 பகுதிகள். வின்டன் என்ற சிறிய ஊரில் பிள்ளைகள் காணாமற்போகிறார்கள். அந்த ஊர்க் குகையில் 33 ஆண்டுகளைத் தாண்டிப் போகும் வழி ஒன்று இருக்கிறது. உயர்தரம் படித்தவள் திரையில் ஓடும் ஆங்கில வரிகளை வாசித்துத் தமிழில் சொல்வாள். மற்றவள் கண்ணெடுக்காமல் படத்தைப் பார்ப்பாள்.

அந்த மற்றவளின் அண்ணனை 2009 முதல் காணவில்லை. காணாமற்போன பிள்ளையைத் தேடும் கதையை எங்கள் ஊரில் யாரும் வெறும் கதையாகப் பார்ப்பதில்லை. தொடரின் தொடக்கத்திலேயே இறந்துபோகும் ஒருவர் ஒரு கடிதத்தை விட்டுச் செல்கிறார். உறையின்மேல், நவம்பர் 4 இரவு 10.13க்கு முன் திறக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. எனக்கு அது சாகப்போகும் மனிதரின் மனக்குழப்பமாகவே பட்டது. மறுநாள் சீருடை ஒன்றுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தவள் திடீரென்று இயந்திரத்தை நிறுத்தினாள். “அக்கா, நிமிடம்வரை எழுதுவதென்றால் அந்த நேரத்தில் நடக்கப்போவதை அவர் முன்பே பார்த்திருக்க வேண்டும்” என்றாள். அதற்குமேல் நான் எழுதமாட்டேன். பார்க்காதவர்கள் பார்க்கட்டும்.

இன்னொரு காட்சி. காலை உணவு வேளையில் ஒரு சிறுவன் கோப்பையை வைத்து வித்தை காட்டுகிறான். எப்படிச் செய்தாய் என்று தந்தை கேட்க, கேள்வி ‘எப்படி’ என்பதல்ல, ‘எப்போது’ என்பதே என்கிறான். முதல் தடவை அந்தப் பேச்சு பிள்ளைக் குறும்பு. இரண்டாம் தடவை கேட்டபோது மூவருமே பேசவில்லை.

உயர்தரம் படித்தவளுக்கு எல்லாமே முற்குறிப்பு. மழை பெய்தாலும் முற்குறிப்பு. அதை நான் ஒப்பவில்லை. பள்ளிச் சிறுமிக்குச் சீருடை தைக்கும்போது கீழ்மடிப்புக்குள் இரண்டு அங்குலத் துணியைக் கூடுதலாக விடுவேன். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண மடிப்புத்தான். அடுத்த ஆண்டு பிள்ளை வளர்ந்ததும் தையலைப் பிரித்து இறக்கினால், சட்டையோடு சேர்ந்து துவைபட்ட அதே துணி கீழே வரும். பழைய மடிப்பின் கோடு மட்டும் மெலிதாகத் தெரியும்; முன்பே விட்டுவைத்ததற்கு அந்தக் கோடுதான் சாட்சி. துணி போதாமல் பிறகு ஒட்டுப்போட்டால், எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் பழைய வெள்ளையும் புது வெள்ளையும் சேராது. அந்தக் கடித உறை, விட்டுவைத்த துணி. கதாசிரியர்கள் நடுவழியில் ஒட்டுப்போட்டுவிட்டு அதையும் முற்குறிப்பு என்பதுண்டு. இரண்டையும் பிரித்தறியத்தான் இந்தப் பிள்ளைகள் மறுபடி பார்க்கிறார்கள்.

இது நமக்குப் புதிதுமல்ல. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கணவன் கைப்பிடித்து அழைத்துப்போக ஒரு பெருநகருக்குப் போனதும், அங்கே ஊரார் இடுதேள் இட்டதுபோல், அதாவது பொய்த் தேளை மேலே போட்டு வெருட்டுவதுபோல், இல்லாத பழியைச் சுமத்தியதும் அந்தக் கனவில் வருகின்றன. தேவந்தி சொன்ன பரிகாரத்தையும் அவள் ஏற்கவில்லை. சில அடிகள் கழித்துக் கோவலன் வீடு திரும்புகிறான். சிலம்பு இருக்கிறது, கொள்ளுங்கள் என்று அவளே சொல்லிவிடுகிறாள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு விடிய விடிய விழித்திருக்கும் எங்கள் சனங்களுக்கு இந்தக் கதையின் முடிவு தெரியாதா? என் அம்மம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கோவலன் கூத்தில் சிலம்பைக் கொடுக்கும் இடம் வந்தால், “கொடுக்காதே பிள்ளை” என்று வாய்விட்டுச் சொல்வார். எத்தனையாவது தடவை பார்த்தாலும் சொல்வார். அவர் பொழுதைப் பாழாக்கினார் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இதழில் தொடர்களைப் பற்றி எழுதுபவர்கள் முற்குறிப்புகளைப் பாராட்டும் ஆர்வத்தில் முடிவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். ‘பார்த்து முடித்தவர்களுக்கு மட்டும்’ என்று கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு வரி போடுங்கள். பக்கத்துத் தேநீர்க்கடைப் பிள்ளை இந்த வாரம்தான் முதற்பகுதியைத் தொடங்கியிருக்கிறான். உங்கள் பத்திரிகையை எனக்கு முன்பே வாசிப்பவன் அவன்தான்.

இப்படிக்கு,
தையற்கடை நடத்தும் வாசகி,
முள்ளியவளை.